நீராவி யானையும் கள்ளியங்காட்டு நீலியும்: வகுப்பறையில் ஒரு மிகுபுனைவுப் பாடம்

எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் "உங்கள் விருப்பம்போல ஒரு மாயக்கதை எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல் பனி மூடிய காடு ஒன்று இருக்கும். கல்கோட்டை, துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி, நெருப்பு உமிழும் டிராகன் எல்லாம் வரிசையாக வரும். கதைத்தலைவனின் பெயர் ஜாக் அல்லது லியோ. எழுதிய பிள்ளையோ தோவாளையில் பூக்கட்டும் வீட்டிலிருந்து வந்திருப்பாள். குளச்சலில் வலை இழுப்பவரின் மகனாக இருப்பான். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவளாக இருப்பாள். அவர்கள் யாரும் பனிப்பொழிவைக் கண்டதில்லை.

இதில் பிள்ளைகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. படித்ததையும் பார்த்ததையும் கொண்டுதான் எவரும் கற்பனை செய்கிறார்கள். ஆனால் இதற்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. மாயம் வேறெங்கோ நடப்பது, நம் ஊரில் எழுத ஒன்றுமில்லை என்பதே அந்த எண்ணம். அது மனத்தில் ஊன்றிவிட்டால் கதையோடு நிற்காது. "எங்கள் ஊர்" என்ற கட்டுரையைக்கூடத் துணைநூலைப் பார்த்து எழுதும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த எண்ணத்தை மாற்ற உதவும் ஆறு பாடவேளைத் திட்டம் ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது. எந்திரங்களும் விந்தை உயிரினங்களும் சேர்ந்து வரும் ஒருவகை இளையோர் நாவல் இதற்கு வாயிலாக அமைகிறது. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், தொடக்க வகுப்புகளுக்கான எளிய வடிவமும் உண்டு. எடுத்துக்காட்டுகள் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. மற்ற மாவட்ட ஆசிரியர்கள் அந்த இடத்தில் தங்கள் ஊரை வைத்துக்கொள்ளலாம்.

நீராவிப் புனைவு என்பது என்ன?

நடைமுறையில் இல்லாத உலகத்தை, இல்லாத உயிர்களைப் படைக்கும் கதையை மிகுபுனைவு என்கிறோம். அதில் ஒரு கிளை "ஸ்டீம்பங்க்". தமிழில் இதை நீராவிப் புனைவு என்று சொல்லலாம். 1987-இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் ஓர் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை உருவாக்கினார். மின்சாரமும் கணினியும் உலகை ஆளாமல், நீராவியும் பல்சக்கரமும் பித்தளைக் குழாயுமே தொடர்ந்து ஆண்டிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்விதான் அதன் விதை. "இப்படி நடந்திருந்தால்?" என்று வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்ப்பது அதன் வழி.

பெயர் புதிது, கதை பழையது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ன் 1880-இல் "நீராவி வீடு" என்று பொருள்படும் நாவலை வெளியிட்டார். கதை நடப்பது இந்தியாவில். எஃகால் செய்த மாபெரும் யானை ஒன்று, வயிற்றில் விறகு எரிய, தும்பிக்கை வழியே புகை கக்கிக்கொண்டு, சக்கரம் பூட்டிய இரண்டு வீடுகளை இழுத்துச் செல்கிறது. அந்த வீடுகளில் வெள்ளையர் சிலர் கல்கத்தாவிலிருந்து இமயமலை நோக்கிப் பயணம் போகிறார்கள். வழியில் உயிருள்ள யானைகளுக்கும் எஃகு யானைக்கும் இழுவைப் போட்டி நடக்கிறது. எஃகு யானை வெல்கிறது. இறுதியில் கொதிகலன் வெடித்து அது சிதறிப்போகிறது. நாவலின் வில்லன் யார் தெரியுமா? 1857 எழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான நானா சாகிப்.

இக்கதையைக் கேட்கும் மாணவர்கள் முதலில் யானையை வியப்பார்கள். பிறகு அவர்களில் ஒருவராவது, "சமூக அறிவியலில் நானா சாகிப் நம் பக்கம்தானே? இதில் ஏன் கெட்டவர்?" என்று கேட்பார். யாரும் கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். யார் கதை சொல்கிறார்களோ அவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே நாயகனும் வில்லனும் முடிவாகிறார்கள். இதைப் பாடமாக விளக்குவதைவிட ஒரு யானைக்கதை எளிதாகப் புரியவைக்கும்.

இன்றைய இளையோர் நாவல்களில் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் 2009-இல் எழுதிய "லெவியாத்தன்". முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ஆம் ஆண்டை அவர் மாற்றி எழுதுகிறார். ஒரு தரப்பு நாடுகள் நடக்கும் இரும்பு எந்திரங்களால் போரிடுகின்றன. பிரிட்டனின் தரப்போ உயிர்களைக் கலந்து புதிய விலங்குகளை உருவாக்கிப் பயன்படுத்துகிறது. லெவியாத்தன் என்பது திமிங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட வான்கப்பல். அதற்குள் தேனீக்கள், வௌவால்கள், மோப்பம் பிடிக்கும் விலங்குகள் எனப் பல உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன. பறக்கும் ஆசையால் ஆண்வேடமிட்டு வான்படையில் சேர்ந்த டெரின் என்ற பெண்ணும், நாட்டைவிட்டுத் தப்பியோடும் அலெக் என்ற இளவரசனும் எதிரெதிர் தரப்பிலிருந்து வந்து நண்பர்களாகிறார்கள்.

தமிழில் நீராவிப் புனைவு என்று சொல்லத்தக்க இளையோர் நாவல் இன்னும் பெரிதாக வளரவில்லை. ஆனால் விந்தை உயிரினத்தை அறிவோடு அணுகும் நாவல் நம் மாவட்டத்திலிருந்தே வந்திருக்கிறது. நாகர்கோவிலில் வாழும் எழுத்தாளர் ஜெயமோகன், தினமணி சிறுவர்மணியில் தொடராக எழுதிய "பனிமனிதன்" அது. இமயப் பனியில் பனிமனிதனைத் தேடிப்போகும் பயணம் கதையாகிறது. பரிணாமம், மலைவாழ்க்கை, பௌத்தம் பற்றிய செய்திகள் அதில் பின்னி வருகின்றன. பள்ளி நூலகத்திலோ கிளை நூலகத்திலோ கிடைத்தால் வகுப்பில் சில பக்கங்களை வாய்விட்டு வாசித்துக் காட்டலாம்.

மூன்று கேள்விகள்

இந்த நாவல்களை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெரியும். மிகுபுனைவில் எதுவும் நடக்கலாம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எதுவும் நடக்கலாம் என்றால் வாசகருக்கு எதைப் பற்றியும் கவலை இருக்காது. நல்ல மிகுபுனைவு தனக்கென்று விதிகளை வகுத்துக்கொள்கிறது. அவ்விதிகளை மூன்று கேள்விகளாக்கிக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, ஆறு பாடவேளையும் அழிக்காமல் வைத்திருக்கலாம்.

1. அது எதைத் தின்று வாழ்கிறது? எந்திரமானால், எதனால் ஓடுகிறது?
2. அதனால் செய்ய முடியாதது எது?
3. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

முதல் கேள்வி அறிவியலுக்குக் கொண்டுபோகும். இரண்டாவது கேள்வி கதைக்குச் சிக்கலைத் தரும். மூன்றாவதுதான் கதையைச் சிந்தனையாக்கும். எஃகு யானையின் வயிற்றில் விறகு எரிகிறது. அந்த விறகை வெட்டியவர் யார், சுமந்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது? இதைக் கேட்கத் தொடங்கிய மாணவர், பேருந்தில் போகும்போதும் மின்விளக்கைப் போடும்போதும் அதே கேள்வியைக் கேட்பார். இப்பாடத்தில் நாம் எதிர்பார்க்கும் கற்றல் விளைவும் அதுவே.

நம் மண்ணில் கிடைக்கும் கதைப்பொருள்கள்

நீராவிப் புனைவுக்கு எந்திரம் வேண்டும். விந்தை உயிர் வேண்டும். மாற்றி எழுதத்தக்க வரலாறு வேண்டும். மூன்றும் நாஞ்சில் நாட்டில் குவிந்து கிடக்கின்றன.

எந்திரங்கள்: தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலைக்களம் இருந்தது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை அக்கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. எதிரிப் படைத்தலைவன் ஒருவன் நம் மன்னனுக்குப் படைக்கலம் செய்து தருகிறான் என்பதே ஒரு நாவலின் தொடக்கம்தான். பத்மநாபபுரம் அரண்மனையில் எடைகளால் இயங்கும் பழைய மணிக்கூண்டுக் கடிகாரம் உண்டு. பேச்சிப்பாறை அணை 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணை அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1966-இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம், 115 அடி உயரத்தில் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. வானத்தில் ஓடும் சானலை எந்த மிகுபுனைவு எழுத்தாளரும் விடமாட்டார்.

விந்தை உயிர்கள்: சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தூண்களில் யாளிகள் நிற்கின்றன. சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாகப் பல உயிர்களைக் கலந்து நம் சிற்பிகள் செய்த வடிவம் அது. உயிர்களைக் கலந்து புதுவிலங்கு படைப்பதை லெவியாத்தன் நாவலுக்கு முன்பே நம் கல்தச்சர்கள் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பேச்சிப்பாறையின் பெயரிலேயே பேச்சி இருக்கிறாள். முப்பந்தலில் இசக்கி இருக்கிறாள். நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டின் பெயரோடு நீலி இணைந்திருக்கிறாள்.

வரலாறு: கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979-இல்தான். தமிழகத்தின் பிற பகுதிகளில் நூறாண்டுகளுக்கு மேலாக நீராவி வண்டி ஓடிய பிறகே, திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர்.-21 என்ற நீராவி எந்திரம், பெரம்பூர்ப் பணிமனையில் புதுப்பிக்கப்பட்டு, 2019-இல் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே மரபுச் சிறப்பு வண்டியாக ஓடியது. இப்போது மாணவர்களிடம் கேட்போம்: அந்த எந்திரம் செய்யப்பட்ட காலத்திலேயே குளச்சலிலிருந்து கோட்டாற்றுச் சந்தைக்கு நீராவி வண்டி ஓடியிருந்தால்?

இந்தக் கேள்வியை விளையாட்டாக விட்டுவிடக் கூடாது. அன்றைய திருவிதாங்கூரில் கூலியின்றி வேலை வாங்கும் ஊழிய முறை இருந்தது. அடிமை முறை 1855-இல்தான் சட்டப்படி நீக்கப்பட்டது. தோள்சீலை உரிமைக்காகப் பெண்கள் போராடி, 1859-இல் அரசாணை பெற்றார்கள். அய்யா வைகுண்டர் சுவாமித்தோப்பில் மக்களைத் திரட்டியதும் அந்நூற்றாண்டில்தான். ஆகவே அந்தக் கற்பனை வண்டிக்கு விறகு சுமந்தவர் யார், அதில் ஏற அனுமதிக்கப்பட்டவர் யார், யாருக்கு அனுமதி இல்லை என்று எழுதாமல் கதை நகர முடியாது. மூன்றாவது கேள்வி இங்கே உயிர்பெறுகிறது.

நீலி இங்கு வருவதற்குக் காரணமும் அதுதான். நாட்டார் கதைகளில் நீலி வஞ்சிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பெண். கள்ளிச்செடியைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, ஊர் கூடிய இடத்தில் வந்து நியாயம் கேட்கிறாள். மேலைநாட்டு டிராகன் புதையலைக் காக்கும். நம் நீலி கணக்குக் கேட்பாள். விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை வாயால் கேட்கும் விந்தைப் பாத்திரம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறாள்.

ஆறு பாடவேளைகள்

முதல் பாடவேளை – கேட்டல்: எஃகு யானைக் கதையைப் பத்து நிமிடத்தில் ஆசிரியர் சொல்கிறார். நூல் கையில் இல்லாவிட்டாலும் மேலே தந்த சுருக்கம் போதும். இழுவைப் போட்டியில் நிறுத்தி, "யார் வெல்வார்கள்? ஏன்?" என்று கேட்கலாம். பிறகு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, எஃகு யானைக்குப் பொருத்திப் பார்க்கச் சொல்லவேண்டும். வளர்ந்த ஆசிய யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ உணவு உண்ணும். உயிருள்ள யானைக்குத் தீனி, எஃகு யானைக்கு விறகு. இரண்டில் எது தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும், எதற்கு இன்னொருவர் தேடித்தர வேண்டும் என்று பேசலாம்.

இரண்டாம் பாடவேளை – தேடல்: முந்தைய நாளே ஒரு வீட்டுப்பணி கொடுத்திருக்க வேண்டும். வீட்டிலுள்ள ஆச்சி, தாத்தா, அக்கம்பக்கத்துப் பெரியவர் யாரிடமாவது இரண்டு செய்திகள் கேட்டு வரவேண்டும். ஒன்று, நம் ஊர்ப் பக்கம் சொல்லப்படும் மாடன், இசக்கி, யட்சி, கடல், மலை பற்றிய ஒரு கதை. மற்றொன்று, அவர்கள் சிறுவயதில் பார்த்து இப்போது இல்லாமற்போன ஒரு கருவி. ஏற்றம், மரச்செக்கு, கமலை, காளவாய், கட்டுமரம் என்று பட்டியல் நீளும். வகுப்பில் நான்கு பேர் கொண்ட குழுக்களாக உட்கார்ந்து தாங்கள் கொண்டுவந்ததைப் பகிர்வார்கள். படிப்பில் பின்தங்கியவர் என்று நாம் கருதும் மாணவர், வீட்டில் நல்ல கதைசொல்லி இருப்பதால், இந்தப் பாடவேளையில் முன்னால் வந்துவிடுவதைப் பலமுறை காணலாம்.

மூன்றாம் பாடவேளை – படைத்தல்: ஒவ்வொரு குழுவும் ஓர் எந்திரத்தையும் ஓர் உயிரையும் தேர்ந்தெடுக்கிறது. பெரிய தாளில் படம் வரைந்து, பாகங்களுக்குப் பெயர் எழுதவேண்டும். தச்சர், கொல்லர், மீனவர் பயன்படுத்தும் சொற்கள் வந்தால் மிக நன்று: ஆணி, ஆப்பு, அச்சு, துருத்தி, உலை, பாய்மரம், நங்கூரம். படத்தின் கீழே மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே அடுத்த நிலைக்குப் போகலாம்.

நான்காம் பாடவேளை – முதல் வரைவு: ஒவ்வொருவரும் தனியே ஒரு பக்கம் எழுதுகிறார்கள். கதையை முடிக்கத் தேவையில்லை. ஒரு நிகழ்ச்சி போதும். எடுத்துரைப்பு எழுத்துத்தமிழிலும் உரையாடல் அவரவர் பேச்சிலும் இருக்கட்டும். "மக்கா, இந்த யாளி வெறவு இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காது பாத்துக்க" என்று ஒரு கிழவர் பேசினால் அதைச் சிவப்பு மையால் திருத்த வேண்டாம். பாத்திரம் பேசும் மொழிக்கும் கதை சொல்லும் மொழிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதும் மொழிப்பாடம்தான்.

ஐந்தாம் பாடவேளை – திருத்தம்: இதுவே திட்டத்தின் மையம். அருகில் இருப்பவரின் தாளை வாங்கிப் படித்து, மூன்று கேள்விகளில் எதற்கு விடை இல்லை என்று மட்டும் எழுதித் தரவேண்டும். எழுத்துப்பிழையை இப்போது பார்க்க வேண்டாம். ஆசிரியர் ஒரு மாதிரியைக் கரும்பலகையில் செய்து காட்டலாம்.

முதல் வரைவு இப்படி இருக்கக்கூடும்: "அந்த எந்திரம் மிகவும் சக்தி வாய்ந்தது. அது எல்லாவற்றையும் செய்யும். இளவரசன் அதில் ஏறிப்போய் அரக்கனைக் கொன்றான்."

மூன்று கேள்விகளையும் கேட்டபின்: "அந்த இரும்பு யாளி ஒரு நாளைக்கு நாற்பது கட்டு விறகு தின்னும். விறகு தீர்ந்தால் நடுவழியில் மண்டியிட்டுவிடும். மலையிலிருந்து விறகு சுமந்து வருபவள் மாடத்தி. இன்று அவள் வரவில்லை."

இரண்டாவது வரைவில் சண்டை இல்லை, இளவரசன் இல்லை. ஆனாலும் மாடத்தி ஏன் வரவில்லை என்று வகுப்பு முழுவதும் கேட்கும். கதை தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆறாம் பாடவேளை – அரங்கேற்றம்: நம் மாவட்டத்துக்கு உரிய வில்லுப்பாட்டு வடிவில் கதைகளை நிகழ்த்தலாம். மூங்கில் வில்லும் ஒரு குடமும் போதும். ஒருவர் முன்பாட்டுப் பாடிக் கதை சொல்ல, மற்றவர்கள் "ஆமா" போட்டு இடையிடையே கேள்வி கேட்பார்கள். பின்பாட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளாக மூன்று கேள்விகளையே வைத்துவிடலாம். அருகில் வில்லிசைக் கலைஞர் இருந்தால், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு அழைத்து வந்து ஒரு பாடவேளை பயிற்சி பெறலாம்.

தொடக்க வகுப்புகளில்

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஒரே பாடவேளையில் "என் யாளி" என்ற செயல்பாடு பொருந்தும். தங்களுக்குத் தெரிந்த மூன்று உயிர்களைச் சேர்த்து ஒரு புது உயிரை வரையவேண்டும். நண்டின் கொடுக்கு, மயிலின் தோகை, ஆட்டின் முகம் என்று எதுவும் இருக்கலாம். பிறகு நான்கு வாக்கியங்கள்: அது எங்கே வாழும்? என்ன தின்னும்? எதற்குப் பயப்படும்? யாருக்கு உதவும்? எழுதத் தயங்கும் குழந்தைகள் வாயால் சொல்ல, ஆசிரியர் எழுதிக்கொடுக்கலாம். "எதற்குப் பயப்படும்?" என்ற கேள்வியை விடாதீர்கள். அச்சமில்லாத உயிரைவிட, இடிச்சத்தத்துக்குப் பயந்து தென்னந்தோப்புக்குள் ஒளியும் யாளிதான் குழந்தைகளுக்கு நெருக்கமாகும்.

பிற பாடங்களோடு இணைத்தல்

அறிவியல் ஆசிரியர் இதில் பெரிதும் உதவலாம். கொதிநிலையில் நீர் நீராவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுகிறது. இட்லிக் கொப்பரையின் மூடி ஆடுவதும், எஃகு யானை வீட்டை இழுப்பதும், கொதிகலன் வெடிப்பதும் இந்த ஓர் உண்மையின் மூன்று முகங்கள். பிரஷர் குக்கரின் பாதுகாப்பு வால்வு ஏன் தேவை என்பதை எஃகு யானையின் முடிவோடு சேர்த்துச் சொன்னால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள். லெவியாத்தன் வான்கப்பலை உணவு வலைப் பாடத்தோடு சேர்க்கலாம்: தேனீக்கள் இல்லாவிட்டால் அந்தக் கப்பல் என்னவாகும்?

புவியியலுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பாய்ந்துவருவதால்தான் முப்பந்தலைச் சுற்றிலும் காற்றாலைகள் நிறைந்திருக்கின்றன. இசக்கி குடியிருக்கும் ஊரில் வானளாவிய மூவிறகு எந்திரங்கள் சுழல்கின்றன. இங்கும் மூன்று கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். காற்றாலை எதைத் தின்கிறது? காற்றை. அதனால் முடியாதது எது? காற்று ஓய்ந்தால் மின்சாரம் தர முடியாது. விலையை யார் கொடுக்கிறார்கள்? புகை இல்லை, கரி இல்லை என்பதால் விலையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். நிலம் கொடுத்தவர்கள், கோபுரத்தின் அடியில் ஆடு மேய்ப்பவர்கள், பறவைகள் என்று வேறு சிலர் தொடங்குவார்கள். இரு தரப்பும் சான்றோடு பேசட்டும். தீர்ப்பு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பீடு

மொத்தம் 20 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் இப்படிப் பிரிக்கலாம். விதி: படைத்த உயிருக்கோ எந்திரத்துக்கோ எல்லை இருக்கிறதா, கதை அந்த எல்லையை மீறாமல் போகிறதா – 5. இடம்: படிப்பவர் அந்த ஊரைக் கண்ணால் காண முடிகிறதா – 5. விலை: மூன்றாவது கேள்விக்குக் கதையில் விடை உண்டா – 5. மொழி: உரையாடலும் எடுத்துரைப்பும் பொருந்துகின்றனவா, வாக்கியங்கள் தெளிவாக உள்ளனவா – 5. முதல் வரைவுக்கு மதிப்பெண் வேண்டாம். முதல் வரைவுக்கும் இரண்டாவதற்கும் இடையில் மாணவர் கடந்த தொலைவை ஒரு வரியில் எழுதிக்கொடுத்தால், அது எண்ணைவிடப் பயன்படும். நன்கு அமைந்த கதைகளைப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் இதழ்களான ஊஞ்சலுக்கும் தேன்சிட்டுக்கும் அனுப்பலாம்.

கவனத்தில் கொள்ள

இசக்கி, மாடன், பேச்சி ஆகியோர் பல குடும்பங்களுக்குக் குலதெய்வங்கள். அவர்களைக் கதைப்பாத்திரமாக்குவதில் தயக்கம் காட்டும் மாணவரை வற்புறுத்தக் கூடாது. யாளி போன்ற சிற்ப வடிவத்தையோ சொந்தமாகப் படைத்த உயிரையோ எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கேலிப்பொருளாக்குவதையும் அனுமதிக்க வேண்டாம். வேறு சமயத்துப் பிள்ளைகளும் கடற்கரைக் கதைகள், மலைக்கதைகள் என்று தங்கள் வீட்டுக் கதைகளைக் கொண்டுவர இடம் இருக்க வேண்டும்.

நாட்டார் கதைகள் சிலவற்றில் சாதிக் கொடுமைகளும் கொலைகளும் வரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் நாட்டார் வழக்காறுகளை நெடுங்காலம் ஆய்ந்து எழுதியுள்ள அ.கா. பெருமாள் போன்றோரின் நூல்களை ஆசிரியர் முன்கூட்டியே படித்துக்கொண்டால், எதை எந்த வயதினருக்கு எப்படிச் சொல்வது என்ற தெளிவு கிடைக்கும். எந்தச் சாதியையும் இழிவுசெய்யும் சொல் கதையில் வந்தால், அதை அழித்துவிட்டுப் போகாமல், ஏன் கூடாது என்று பேசவேண்டும்.

கதை வேறு, நம்பிக்கை வேறு, அறிவியல் வேறு என்ற தெளிவும் தேவை. "நீலி உண்மையிலேயே இருக்கிறாளா சார்?" என்று ஒரு குழந்தை கேட்கும். "கதையில் இருக்கிறாள். அவள் கேட்கும் கேள்வி உண்மையானது" என்று சொல்லலாம். பயந்த குழந்தைக்கு அந்த விடை துணிவு தரும். துணிந்த குழந்தைக்குச் சிந்திக்க இடம் தரும்.

இத்திட்டத்தின் முடிவில் எல்லா மாணவர்களும் எழுத்தாளர் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் சுசீந்திரம் கோயிலுக்குப் போகும் பிள்ளை தூணருகே நின்று, இந்த யாளி என்ன தின்னும் என்று யோசிப்பாள். பேச்சிப்பாறைக்குச் சுற்றுலா போகும் பிள்ளை, கல் சுமந்தவர்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பான். அடுத்த முறை மாயக்கதை எழுதச் சொன்னால், முப்பது தாள்களில் ஐந்திலாவது பனிக்காட்டுக்குப் பதில் கும்பப்பூ அறுவடை முடிந்த வயல் இருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.